குடலும் கம்பியும்

1664இல் லண்டனில் வெளிவந்த ஓர் இசைப் பாடநூலில், அதன் பதிப்பாளர் ஜான் பிளேஃபோர்டு சிறு அறிவிப்பு ஒன்றைச் சேர்த்திருந்தார். லூட், வயோல் ஆகிய கருவிகளின் மந்தரத் தந்திகளுக்குப் புது வகை ஒன்று வந்திருக்கிறது. குடல் நரம்பின்மீதோ பட்டு இழையின்மீதோ மெல்லிய கம்பியைச் சுற்றிச் செய்தது அது. வில் போட்டாலும் விரலால் மீட்டினாலும் வெறும் நரம்பைவிட நன்றாகவும் உரக்கவும் ஒலிக்கும் என்பது அதன் சாரம். இதற்கு 5 ஆண்டுகள் முன்பே, 1659இல், சாமுவேல் ஹார்ட்லிப் என்ற அறிஞர் தம் நாட்குறிப்பில் இதைப் பதிந்திருக்கிறார். கோரெட்ஸ்கி என்பவர் வெள்ளிக் கம்பி சுற்றிய லூட் தந்திகளைக் கண்டுபிடித்திருப்பதாகவும் அவற்றின் இசை மிக இனிது என்றும் அதில் இருக்கிறது. செய்தி தந்தவராகக் குறித்திருப்பது வேதியியலாளர் ராபர்ட் பாயிலின் பெயர். இன்று நாம் காணும் செல்லோவின் உருவத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது இந்தச் சிறு கண்டுபிடிப்புதான்.

வயலின் குடும்பத்துத் தந்திகளின் வரலாற்றைப் பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: முன்பு ஆட்டுக் குடல் இருந்தது, பிறகு உலோகம் வந்தது, சிறந்தது நிலைத்தது என்று. நடந்தது அப்படியல்ல. உலோகம் முதலில் நரம்பை அகற்ற வரவில்லை. நரம்பால் மட்டும் ஆகாத ஒரு வேலைக்குத் துணையாக வந்தது. நரம்பின் இடத்தையே அது பிடித்துக்கொண்டது சுமார் 250 ஆண்டுகள் கழித்து. அந்த இரண்டாவது மாற்றத்தில் நாதத்தைவிட விலைக்கும் போருக்கும் ஆயுளுக்கும் பங்கு அதிகம்.

உலோகக் கம்பி புதிய பொருளும் அல்ல. 16ஆம் நூற்றாண்டிலேயே ஹார்ப்சிகார்டிலும் சிட்டர்னிலும் இரும்புக் கம்பியும் பித்தளைக் கம்பியும் ஒலித்துக்கொண்டிருந்தன. பக்கத்து மேசையில் கம்பி இருக்க, வயலின்காரர்கள் ஏன் நாறும் குடலோடு போராடினார்கள்? பழக்கம், ரசனை என்று பதில் சொல்லிவிடலாம். அதைவிட உறுதியான காரணம் இயற்பியலில் இருக்கிறது.

பிரெஞ்சு அறிஞர் மாரின் மெர்சென் 1636இல் வெளியிட்ட பெருநூலில் தந்தியின் விதிகளைத் தெளிவாக வகுத்தார். நீளம் குறைந்தாலோ இழுவிசை கூடினாலோ சுருதி ஏறும். எடை கூடினால் இறங்கும். இதிலிருந்து பலரும் கவனிக்காத ஒரு முடிவு கிடைக்கிறது. குறிப்பிட்ட நீளமுள்ள ஒரு தந்தியை இழுத்துக்கொண்டே போனால் அது எந்தச் சுருதியில் அறும் என்பது அதன் பருமனைப் பொறுத்ததே அல்ல. பருமனான தந்தி அதிக இழுவிசையைத் தாங்கும். ஆனால் அதே விகிதத்தில் அதன் எடையும் கூடிவிடும். ஆகவே அறும் எல்லையை நிர்ணயிப்பது பொருள் மட்டுமே. தந்தியின் நீளத்தை மீட்டரிலும் சுருதியை ஹெர்ட்ஸிலும் எடுத்துப் பெருக்கினால் கிடைக்கும் எண்ணை வைத்துப் பொருள்களை ஒப்பிடலாம். வயலினில் குதிரைக்கும் மேற்கட்டைக்கும் இடையே தந்தியின் நீளம் சுமார் 0.325 மீட்டர், உச்சத் தந்தியான ஈ இன்றைய சுருதியில் 659 ஹெர்ட்ஸ். பெருக்கினால் 214. அந்தக் காலத்து இரும்புக் கம்பி 180ஐ ஒட்டியே அறுந்துவிடும். நன்றாக முறுக்கிய குடல் நரம்போ சுமார் 240 வரை தாங்கும். பழைய சுருதி இன்றையதைவிடச் சற்றுத் தாழ்ந்தது என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு மாறுவதில்லை. புகழ்பெற்ற வயலின் தச்சர் ஸ்திராதிவாரியின் காலத்து வயலினுக்கு இரும்பில் ஈ தந்தி போட வழியே இல்லை. எடைக்கு எடை பார்த்தால் அன்றைய இரும்பைவிட ஆட்டுக் குடல் உறுதியான பொருள்.

வில்லால் வாசிக்கும் கருவியில் கம்பித் தந்தியை எவரும் முயலவில்லை என்றும் இல்லை. 1679 நவம்பரில் ஆங்கில எழுத்தாளர் ஜான் ஈவ்லின், ஜெர்மானியர் ஒருவர் 5 கம்பித் தந்திகள் பூட்டிய வயோலா தமோரேயை வில்லால் வாசித்ததைக் கேட்டு, அதன் இனிமையில் மயங்கித் தம் நாட்குறிப்பில் எழுதினார். அத்தகைய கருவிகள் தனி ஒரு கிளையாகவே இருந்தன. வயலின் அந்தப் பாதையில் போகவில்லை.

இனி அந்தக் குடலுக்கு வருவோம். ஆட்டின் சிறுகுடல் 20 மீட்டருக்கும் மேல் நீளும். அதன் சுவரில் பல அடுக்குகள் உண்டு; தந்திக்கு உயிர் தருவது கொலாஜென் நார் செறிந்த நடு அடுக்கு. ஆடு அறுத்த சூடு ஆறுமுன் குடலை எடுத்துக் கழுவி, உள் சளிப்படலத்தையும் கொழுப்பையும் சுரண்டி நீக்குவார்கள். பிறகு மரச்சாம்பலிலிருந்தோ திராட்சைக் கசட்டுச் சாம்பலிலிருந்தோ எடுத்த காரநீரில் ஊறப்போடுவார்கள். நீரை நாள்தோறும் மாற்றி, காரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, இடையிடையே மறுபடி சுரண்டுவார்கள். காரம் மிஞ்சினால் நார் நைந்துவிடும். குறைந்தால் கொழுப்பு தங்கித் தந்தி மங்கும். ஊறிய இழைகளை ஈரமாகவே சேர்த்து முறுக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, கந்தகப் புகை காட்டி வெளுக்கவைத்து, காயவிட்டு, மெருகேற்றி, எண்ணெய் தடவுவார்கள். 1760களில் இத்தாலியில் பயணம் செய்த பிரெஞ்சு வானியலாளர் லாலாந்து, நேப்பிள்ஸில் ஆஞ்சேலுச்சியின் தந்திப் பட்டறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மாண்டலினின் மெல்லிய தந்திக்கு 2 குடல், வயலினின் முதல் தந்திக்கு 3, கடைசித் தந்திக்கு 7, மிகப் பெரிய கருவிகளின் மந்தரத் தந்திக்கு 120 என்பது அவர் தரும் கணக்கு. வானியலாளர் ஒருவர் குடல் பட்டறையில் நின்று எண்ணிக் குறித்துக்கொண்ட அந்தக் கவனத்தால்தான் இன்று அந்தத் தந்திகளை மறுபடி செய்ய முடிகிறது.

இத்தாலியத் தந்திக்கு ஐரோப்பா முழுவதும் பெயர் இருந்தது. அதற்குக் கைத்திறன் மட்டும் காரணமல்ல, சாப்பாட்டு வழக்கமும்தான். மெல்லிய ஈ தந்திக்கு இளம் ஆட்டுக்குட்டியின் சிறுத்த குடல் வேண்டும். இத்தாலியர்கள் குட்டிகளை இளமையிலேயே அறுத்தார்கள். வட ஐரோப்பாவில் ஆடு வளர்ந்தபிறகே வெட்டினார்கள், அதன் குடல் தடித்திருக்கும். ரோமும் நேப்பிள்ஸும் பேர்பெற்றதற்கும், அப்ரூட்ஸோ மலைப்பகுதியில் சால்லே என்ற சிற்றூர் தலைமுறை தலைமுறையாகத் தந்திக்காரர்களின் ஊராக விளங்கியதற்கும் அந்த நிலத்தின் மந்தைகளே அடிப்படை. இன்று உலகின் பெரிய தந்தி உற்பத்தியாளர்களில் ஒன்றான டடாரியோ குடும்பம் அந்தச் சால்லேயிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குப் போனதுதான்.

உச்சத் தந்தியில் நரம்புக்கு நிகரில்லை. தொல்லை அடித்தந்தியில். வயலினின் அடுத்தடுத்த தந்திகள் பஞ்சம இடைவெளியில் நிற்பவை, அதாவது சுருதி 3:2. எல்லாத் தந்திகளிலும் இழுவிசை ஒன்றாக இருக்கவேண்டுமானால் ஒவ்வொரு படியிலும் பருமன் ஒன்றரை மடங்கு கூடவேண்டும். ஈ தந்தி 0.63 மில்லிமீட்டர் என்றால் ஏ 0.95, டி 1.42, ஜி 2.1. இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள குடல் நரம்பு ஏறத்தாழக் குச்சி போல விறைத்து நிற்கும். விறைப்பான தந்தியில் மேல்சுரங்கள் தம் இடம் விட்டு நகரும், வில் பட்டதும் ஒலி எழாது, தாமதித்து எழும், எழுந்தாலும் கரகரக்கும். பருமனைக் குறைத்து 1.2 மில்லிமீட்டர் ஆக்கினால் விறைப்பு போகும், கூடவே இழுவிசையும் போகும். ஈ தந்தியில் ஏழரைக் கிலோ இழுக்கும் இடத்தில் ஜி தந்தியில் இரண்டரைக் கிலோகூட இராது. இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதில் அந்தக் காலத்தவர் ஒத்துப்போகவில்லை. 1690இல் செராஃபினோ தி கோல்கோவும் 1756இல் வயலின் பாடநூல் எழுதிய லியோபோல்டு மோட்ஸார்ட்டும் தந்திகளில் சமமான எடைகளைத் தொங்கவிட்டு, பஞ்சமம் சரியாக நிற்கிறதா என்று பார்த்துப் பருமனைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எல்லாரும் அப்படியே செய்தார்களா என்பது வேறு கேள்வி.

சுற்றுத் தந்திக்கு முன்பு, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, மந்தர ஒலிக்கான தேவை திடீரென வளர்ந்திருக்கிறது. அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதில் ஆய்வாளர்கள் இரண்டு அணியாக நிற்கிறார்கள். இழைகளைக் கயிறு திரிப்பதுபோல் புரி புரியாக முறுக்கினால் தந்தி வளைந்துகொடுக்கும், பருமன் இருந்தும் விறைக்காது என்றார்கள் எஃப்ரைம் செகர்மனும் ஜில்டா அபோட்டும். இத்தாலியத் தந்திக்காரர் மிம்மோ பெரூஃபோ இதை ஏற்கவில்லை. அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் பழைய லூட்டுகளின் குதிரைகளில் தந்தி நுழையும் துளைகளை அவர் அளந்தார். வெறும் நரம்பு எந்தப் பருமனில் இருந்திருக்க வேண்டுமோ அந்தப் பருமன் அந்தத் துளைகளில் நுழையாது. அக்கால ஓவியங்களில் மந்தரத் தந்திகள் மட்டும் செம்பழுப்பாகவோ கருமையாகவோ தீட்டப்பட்டிருப்பதையும் சேர்த்துப் பார்த்து, குடலை உலோக உப்புகளில் ஊறவைத்து எடை ஏற்றியிருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். அப்படி ஏற்றிய தந்தி ஒன்றுகூட நம் கைக்குக் கிடைக்கவில்லை. இருந்தாலும் துளையின் அளவு என்பது கண்முன் இருக்கும் சாட்சி. இந்த விவாதத்தில் பெரூஃபோவின் பக்கமே வலுவானது என்று நினைக்கிறேன். உலோகம் கம்பியாக நரம்பைச் சுற்றிக்கொள்வதற்கு முன்பே, உப்பாக அதற்குள் நுழைந்திருக்கிறது என்றாகிறது.

சுற்றுத் தந்தி இந்தச் சிக்கலை நேராக அவிழ்த்தது. குடலின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம், செம்பு கிட்டத்தட்ட 9, வெள்ளி 10.5. மெல்லிய நரம்பின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினால், இழுவிசையை உள்ளிருக்கும் நரம்பு ஏற்கும், எடையைக் கம்பி தரும், வளைந்துகொடுக்கும் குணமும் போகாது. பிரான்சில் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் வயோல் மேதை செய்ன்ட்-கொலோம்ப் என்று அவருடைய மாணவர் ழான் ரூசோ 1687இல் எழுதினார். வயோலுக்கு ஏழாவது தந்தியைச் சேர்த்தவரும் செய்ன்ட்-கொலோம்ப்தான். இரண்டும் ஒரே மனிதரின் பெயரில் நிற்பது பொருத்தமே.

மிகப் பெரிய விளைவு இத்தாலியில் நேர்ந்தது. வெறும் நரம்போடு மந்தர ஒலி வேண்டுமென்றால் தந்தியை நீட்டவேண்டும். தந்தி நீண்டால் உடலையும் பெருக்கவேண்டும். அதனால் 17ஆம் நூற்றாண்டின் வயலின் குடும்ப மந்தரக் கருவிகள் பெரிதாகவே இருந்தன. உட்கார்ந்து பக்கவாத்தியமாக நீண்ட சுரங்களை இழுக்க அவை போதும். விரல் விரைந்து ஓடும் இசைக்கு ஆகாது. சுற்றுத் தந்தி வந்ததும் அந்த நீளம் தேவையற்றதாகிவிட்டது. வயலோன்செல்லோ என்ற பெயர் அச்சில் முதலில் தோன்றுவது 1665இல், போலோன்யா நகர இசைஞர் அர்ரெஸ்தியின் சொனாட்டாத் தொகுப்பில். அதே ஊரின் சான் பெத்ரோனியோ தேவாலயத்தில் வாசித்த தொமெனிகோ கப்ரியேல்லி 1689இல் செல்லோவுக்கென்றே தனிவாசிப்பு உருப்படிகளை எழுதினார். சிறிய செல்லோ, புதுப் பெயர், தனிக்கச்சேரி மூன்றுக்கும் பின்னால் இருப்பது தந்திதான் என்று 1977இல் இசை ஆய்வாளர் ஸ்டீஃபன் போன்டா முன்வைத்த வாதம் இன்றும் ஆட்டம் காணவில்லை.

ஸ்திராதிவாரியின் ஊரான கிரெமோனாவில் இந்த மாற்றத்தை மரத்தில் அளந்தே காட்டலாம். ஸ்திராதிவாரி 1701இல் செய்த செர்வே என்னும் செல்லோவின் உடல் சுமார் 79 சென்டிமீட்டர். 1707ஐ ஒட்டி அவர் புது வார்ப்பு ஒன்றை வகுத்தார். அதன் உடல் ஏறக்குறைய 76. இன்றைய செல்லோக்கள் பெரும்பாலும் அந்த அளவைத்தான் பின்பற்றுகின்றன. பழைய பெரிய கருவிகளில் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் அறுத்துக் குறுக்கிவிட்டார்கள். அந்த வாளுக்குத் தப்பிய சிலவற்றுள் செர்வே ஒன்று. இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் இருக்கிறது. 1720ஐ ஒட்டி பாஹ் எழுதிய தனிச் செல்லோத் தொகுப்புகளின் விரலோட்டத்தைப் பெரிய உடலும் தடித்த நரம்பும் கொண்ட பழைய கருவியில் நினைத்துப் பார்க்கவே முடியாது. வயலினிலும் இதேதான். வயலின் மேதை பாகனினி ஜி தந்தி ஒன்றிலேயே முழு உருப்படியையும் வாசித்து ஐரோப்பாவை வாய்பிளக்க வைத்தாரென்றால், அந்தத் தந்தியின்மேல் கம்பி சுற்றியிருந்தது.

ஆக, 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சுமார் 200 ஆண்டுகள் வயலினில் ஒரு சமரசம் நிலைத்தது: ஈ, ஏ, டி மூன்றும் வெறும் நரம்பு, ஜி மட்டும் சுற்றுத் தந்தி. பிரான்சில் டி தந்திக்கு இடைவெளி விட்டுப் பாதி சுற்றும் வழக்கமும் இருந்தது. இந்தச் சமரசம் ஈ தந்தியில்தான் முதலில் உடைந்தது. முன்பு பார்த்த 214 என்ற எண் 240க்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். நரம்பு ஈ எப்போதும் அறும் விளிம்பிலேயே நின்றது. வியர்வை, ஈரக்காற்று, மேடை விளக்கின் சூடு என எது பட்டாலும் பிரியும்; கடுமையாக வாசிப்பவரிடம் சில நாள்கூடத் தங்காது.

மாற்று பியானோவின் பக்கமிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பியானோக்களின் இழுவிசை கூடிக்கொண்டே போக, பர்மிங்காமிலும் வியன்னாவிலும் நியூரம்பெர்க்கிலும் எஃகுக் கம்பி ஆலைகள் ஒன்றையொன்று முந்தப் போட்டியிட்டன. அந்த எஃகு பழைய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உறுதி; அதன் அறும் எண் 280ஐ எட்டியது. எஃகில் ஈ தந்தி முதன்முறையாகச் சாத்தியமானது. 0.26 மில்லிமீட்டர் எஃகும் 0.63 மில்லிமீட்டர் நரம்பும் ஏறத்தாழ ஒரே எடை, ஒரே இழுவிசை. குதிரையின்மேல் விழும் பாரமும் மாறவில்லை. மாறியது ஒலியும் தொடுகையும்தான். எஃகு கொஞ்சமும் நீளாத பொருள் என்பதால் பிருடையை ஒரு மயிரிழை திருப்பினாலே சுருதி எகிறிவிடும். வாலடியில் நுண்திருகு ஒன்றைப் பொருத்தவேண்டி வந்தது. பல வித்துவான்கள் இதை வெறுத்தார்கள். கூரிய ஒலி, வெற்றுத் தந்தியில் எழும் சீழ்க்கை, விரல் நுனியை அறுக்கும் மெல்லிசு என்று அவர்கள் சொன்ன குறைகள் பொய்யல்ல.

முடிவு செய்தது முதல் உலகப் போர். காயம்பட்டவர்களுக்குத் தையல் போடும் அறுவை நூலும் அதே ஆட்டுக் குடல்தான். நல்ல குடல் மருத்துவமனைகளுக்குப் போயிற்று. ஜெர்மன் தந்திகள் எதிர்நாடுகளுக்கு வருவதும் நின்றது. எஃகு ஈ மலிவு, அறாது, எங்கும் கிடைக்கும். போர் முடிந்தபோது ஒரு தலைமுறை அதற்குப் பழகியிருந்தது. ரசனை பழக்கத்தின் பின்னால் வந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். ஒலியை ஒப்பிட்டுப் பார்த்து எடுத்த முடிவாக இருந்திருந்தால் ஹைஃபெட்ஸ் போன்ற வயலின் மேதை ஈ தந்தியை மட்டும் எஃகாக்கிவிட்டு, ஏ, டி இரண்டிலும் வெறும் நரம்பையே வாழ்நாள் முழுவதும் வைத்திருந்திருக்க மாட்டார். நரம்பின் ஒலி சிறிது, பெரிய அரங்குக்கு எட்டாது என்று சொல்கிறவர்கள் அவர் ஒலிப்பதிவுகளை மறுபடி கேட்கவேண்டும்.

அடுத்த அத்தியாயம் முழுக்க வியன்னாவுக்குச் சொந்தம். 1919இல் ஃபிரான்ஸ் தோமாஸ்டிக் என்ற வயலின் தச்சரும் ஓட்டோ இன்ஃபெல்டு என்ற பொறியாளரும் சேர்ந்து அங்கே தொடங்கிய நிறுவனம் எஃகு உள்ளீடுள்ள தந்திகளைச் செய்தது. பின்னாளில் எஃகு இழைகளைக் கயிறாகத் திரித்து அதன்மேல் உலோக நாடா சுற்றியபோது விறைப்பு தளர்ந்தது; செல்லோவும் டபுள் பாஸும் முழுக்க எஃகுக்கு மாறின. 1970இல் அதே நிறுவனம் நைலான் வகையைச் சேர்ந்த பெர்லானை உள்ளீடாக்கி டாமினன்ட் தந்தியை வெளியிட்டது. நரம்பின் மென்மையில் ஒரு பங்கு, எஃகின் நிலைப்பில் ஒரு பங்கு என்று கிடைத்ததால் உலகத்து வயலின் மாணவர்களில் பலர் அதற்கு மாறினார்கள். இதே வியன்னாவில்தான் 1953இல் செல்லோ கலைஞர் நிகோலவுஸ் ஹார்னன்கோர்ட் நண்பர்களைக் கூட்டி, பழைய கருவிகளில் பழைய நரம்பு பூட்டிப் பழைய இசையை வாசிக்கக் குழு அமைத்தார். எஃகை வளர்த்த நகரமே நரம்புக்கும் மறுவாழ்வு தந்தது. பாஹையும் மொன்தெவெர்தியையும் இன்று உலகம் கேட்கும் விதமே அந்தக் குழுவால் மாறியது. அந்த மறுவாழ்வுக்கும் சோதனை வந்தது. மாடுகளைத் தாக்கிய மூளைநோய்க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் மாட்டுக் குடலை ஆபத்துப் பொருளாக வகைப்படுத்த, அதில் தந்தி செய்துவந்த இத்தாலியப் பட்டறைகள் தவித்தன.

ஆசியாவிலும் உலோகம் பரவியது. சீன எர்ஹூவின் பட்டுத் தந்திகள் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் எஃகாயின. விதிவிலக்காக நிற்பது வட இந்திய சாரங்கி. அதன் 3 முதன்மைத் தந்திகளும் இன்றும் தடித்த ஆட்டு நரம்பு. கீழே முப்பதுக்கும் மேற்பட்ட உலோகத் தந்திகள், வில் படாமலே உடனொலிக்க. சாரங்கிக்காரர் தந்தியைப் பலகைமேல் அழுத்துவதில்லை. நகக்கண்ணைத் தந்தியின் பக்கவாட்டில் உரசி நகர்த்துகிறார். மனிதக் குரலுக்கு அத்தனை பக்கமான ஒலி அங்கிருந்துதான் பிறக்கிறது. மெல்லிய எஃகு நகக்கண்ணைக் கிழித்துவிடும். ராம் நாராயண் சாரங்கியைத் தனிக்கச்சேரி மேடைக்கு ஏற்றியபோது அவர் கூடவே உலகச் சபைகளுக்குக் கொண்டுபோனது இந்த நரம்பின் ஒலியையும்தான்.

தமிழகத்துக்கு வயலின் வந்த காலத்தை இந்தக் கால வரிசையின்மேல் வைத்துப் பார்க்கவேண்டும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் யானைத்தந்த வயலின் பரிசு பெற்றார். எஃகு ஈ தந்தி பிறக்க அப்போது இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. கப்பலேறி இங்கே வந்த வயலின்களில் இருந்தவை நரம்புத் தந்திகள். நம் கமகங்கள் வயலினில் முதன்முதலாக வளைந்து நெளிந்தது அந்த நரம்பின்மீதாகத்தான் இருக்கவேண்டும். ஒலிப்பதிவு இல்லாத காலம் என்பதால் அந்த நாதம் நமக்குக் கேட்கக் கிடைக்கவில்லை. பிறகு இங்கேயும் உலோகமே நிலைத்தது. ஈரமும் வெயிலும் மாறி மாறித் தாக்கும் ஊரில், கச்சேரி நடுவே தந்தி அறக்கூடாது என்று நினைத்த வித்துவான்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நாம் வயலினை மேலை முறையைவிடத் தாழ்த்தி, சட்ஜ பஞ்சமத்துக்கு இறக்கிச் சுருதி சேர்க்கிறோம்; ஆண் பாடகருக்கு வாசிக்கும்போது இன்னும் இறக்குகிறோம். நரம்பை அறுக்கும் உச்ச இழுவிசை நம் முறையில் இல்லவே இல்லை. ஐரோப்பியர் நரம்பைக் கைவிடச் சொன்ன முதல் காரணம் நமக்குப் பொருந்தாது. நரம்புத் தந்திகள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. நம் இசைக் கல்லூரிகளும் பல்கலைக்கழக இசைத் துறைகளும் ஒரு வயலினுக்கு நரம்பு பூட்டி, நம் சுருதிக்கேற்ற பருமனைக் கணக்கிட்டு, தேர்ந்த கலைஞர் ஒருவரை ஒரு தோடியோ சகானாவோ வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யவேண்டும். செலவு சில ஆயிரம் ரூபாய்தான். அதைச் செய்து பார்த்தபிறகு எஃகே மேல் என்று சொன்னால் அது நாம் கேட்டறிந்து எடுத்த முடிவாக இருக்கும்.